முதுகில் ஒட்டிய வெள்ளைக் கூடுகள்

கொட்டும் புழுக்களைத் தேடிப் படமெடுப்பவர்கள் இப்போது நம்மிடையே பெருகிவிட்டார்கள். இளம்பச்சை உடல், முதுகில் ஊதாக் கோடு, முன்னும் பின்னும் கொம்புபோல நீளும் முட்கள். செத்தோரா நைட்டென்ஸ் என்ற இந்தப் புழு கேமராவுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். நத்தைபோல் இலையோடு ஒட்டி மெல்ல நகர்வதால் படமெடுக்கவும் தோது.

தோட்டத்து ஆட்களுக்கு இது தோலால் அறிமுகமான புழு. செம்பனை மட்டையை இழுக்கும்போது புறங்கையில் பட்டுச்சுன்னா நெருப்பு வச்ச மாதிரி எரியும். முள்ளிலிருக்கும் நஞ்சின் வேலை அது.

1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிரானது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தப் புழுக்கள் எப்போதாவது பெருகும், தானாக அடங்கும். 1950-களின் இறுதியில் நிலைமை மாறியது. டிடிடி, டியல்ட்ரின், என்ட்ரின் என்று மருந்தடிக்க அடிக்கப் புழுக்கள் அடங்கவில்லை, திரும்பத் திரும்பப் பெருகின. பூச்சியியலாளர் பிரையன் வுட் காரணத்தைக் கண்டு சொன்னார். மருந்து புழுவைவிட அதன் எதிரிகளைத்தான் துடைத்து அழித்தது. கண்ட இடத்திலெல்லாம் மருந்தடிக்காதே, புழுவை எண்ணிப் பார், எதிரிகள் இருக்கின்றனவா என்று பார் என்பதே 1968-இல் வெளியான அவர் நூலின் சாரம். பார்ப்பதே ஒரு வேலை என்று தோட்ட நிர்வாகங்களை ஒப்புக்கொள்ள வைத்தது சின்ன விஷயமில்லை.

(மருந்தடித்தவர்களின் உடம்புக்கு என்ன ஆனது என்பது வேறு கதை. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக்கேட்டைத் தெனாகனித்தா ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது 2002-இல்தான்.)

அந்த எதிரிகளில் முக்கியமானவை கொசு அளவே இருக்கும் குளவிகள். புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும். சில வகைகளின் குஞ்சுகள் தோலைத் துளைத்து வெளியேறி, அரிசிமணி போன்ற வெள்ளைக் கூடுகளைப் புழுவின் மேலேயே கட்டும். நிறம் மங்கி அசையாமல் கிடக்கும் அப்படியொரு புழுவைக் கண்டால் நம் படக்காரர்கள் முகம் சுளித்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார்கள். வுட் சொன்னது முழுவதும் அந்த ஒரு முதுகில் இருக்கிறது. பளபளக்கும் புழுவின் படம் ஆயிரம் இருக்கிறது, இதை எடுங்கள் என்றுதான் நான் கேட்பேன்.

குளவிகளுக்குத் தேன் வேண்டும் என்பதற்காகச் செம்பனைத் தோட்டங்களின் சாலையோரம் தர்னெரா செடியை நட்டிருப்பார்கள். வெளிர் இதழும் கருத்த நடுவுமாக வெயிலேறும்போது விரியும் பூ, நண்பகலில் மூடிக்கொள்ளும். குளவியைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் அதற்குள் போய்விட வேண்டும்.