தலைக்காய இரத்தக்கசிவு: கத்தியை விடக் கடிகாரம் செய்த மாற்றம்

தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்தவர்கள் இன்று முன்னைவிட அதிகமாகப் பிழைக்கிறார்கள். இதை அறுவை சிகிச்சையின் வெற்றி என்று சொல்வது வழக்கம். வரலாற்றுச் சான்றுகள் அந்த விளக்கத்தை முழுமையாகத் தாங்கவில்லை. மண்டையோட்டில் துளையிடுவது மிகத் தொன்மையான கைத்திறன். கசிந்து உறைந்த கட்டியைத் திறந்து எடுக்கும் முறையும் 19ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே மருத்துவர்களின் கைவசம் இருந்தது. உண்மையில் மாறியது, உள்ளே கசிவு இருக்கிறது என்று தெரியவரும் நேரம்தான்.

1860களில் லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன், மூளை அழுத்தப்படும்போது அதே பக்கத்துக் கண்ணின் பாப்பா விரிவதைப் பதிவு செய்தார். அதன் பிறகு நெடுங்காலம் மருத்துவர் இமையைத் தூக்கி, வெளிச்சம் காட்டி, பாப்பா சுருங்குகிறதா என்று பார்த்தே முடிவெடுத்தார். ஆனால் பாப்பா விரிந்து நிற்கிறது என்றால், மூளை பிதுங்கித் தண்டுப் பகுதியை நெருக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். நோயைக் காட்டிக்கொடுத்த அறிகுறியே சேதத்தின் அறிகுறியாகவும் இருந்தது. 1927இல் எகாஸ் மோனிஸ் உருவாக்கிய மூளை இரத்தக்குழாய்ப் படம் உதவியது. ஆயினும் அது நேரம் பிடிக்கும் சோதனை. 1971 அக்டோபரில் விம்பிள்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. மூளையைச் சுற்றியுள்ள டியூரா உறைக்கு மேலே தேங்கிய இரத்தம் குவிவில்லை போலவும், அடியில் தேங்கியது பிறை போலவும் வெள்ளையாகத் தெரிந்தன. நினைவு தப்புமுன்பே கசிவைக் காண முடிந்தது அப்போதுதான்.

நேரமே முக்கியம் என்பதற்கு வலுவான சான்று கிளாஸ்கோவிலிருந்து 1975இல் வந்தது. அடிபட்ட பின் பேசிவிட்டு, பிறகு இறந்தவர்களை ரெய்லியும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்கு மண்டையோட்டுக்குள் இரத்தக் கட்டி இருந்தது. 1984இல் வெரோனாவின் பிரிகோலோவும் பசூட்டும் டியூராவுக்கு மேல் கசிவு கண்ட 107 பேரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே இறந்ததாக அறிவித்தனர். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: ஸ்கேன் சின்னஞ்சிறு கட்டிகளையும் காட்டுவதால், எப்படியும் பிழைத்திருக்கக்கூடியவர்களும் கணக்கில் சேர்ந்து இறப்பு விகிதம் குறைந்ததாகத் தோன்றலாம். விகிதத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் கிளாஸ்கோ ஆய்வு இறந்தவர்களிடமிருந்தே தொடங்குகிறது. பேச முடிந்தவரின் மூளையை முதல் அடி கொன்றுவிடவில்லை. பின்னால் வந்த ஏதோ ஒன்று கொன்றது.

டியூராவுக்கு அடியிலான கசிவில் வழக்கு இன்னும் சிக்கலானது. ரிச்மண்டில் சீலிக் குழு 1981இல் கோமாவில் இருந்த 82 பேரை ஆராய்ந்தது. நான்கு மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 30 விழுக்காட்டினரும், தாமதமானவர்களில் 90 விழுக்காட்டினரும் இறந்தனர். பத்தாண்டு கழித்து வில்பர்கர் குழு 101 பேரிடம் கண்டது இறப்பில் 59க்கு 69 விழுக்காடு என்ற சிறு வேறுபாடு மட்டுமே. புள்ளியியல்படி அது உறுதியானதும் அல்ல. நேரத்தை முன்னிறுத்துவோருக்கு இது கடுமையான எதிர்வாதம். எனினும், இவ்வகைக் கசிவில் கட்டிக்கு அடியிலுள்ள மூளையும் பல வேளைகளில் முதலில் விழுந்த அடியிலேயே நசுங்கியிருக்கும். கட்டியை எவ்வளவு விரைவாக எடுத்தாலும் நசுங்கியது மீளாது. ஆகவே வில்பர்கரின் முடிவு விரைவின் எல்லையைக் காட்டுகிறது என்றே கொள்வேன். விரைவு வீண் என்று அது நிறுவவில்லை.

மருந்திலும் இதே எல்லை தெரிகிறது. 2019இல் வெளியான கிராஷ்-3 ஆய்வில் 12,737 பேர் சேர்க்கப்பட்டனர். மூன்று மணி நேரத்துக்குள், இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் பெற்றவர்களில் 18.5 விழுக்காட்டினரும், போலி மருந்து பெற்றவர்களில் 19.8 விழுக்காட்டினரும் தலைக்காயத்தால் இறந்தனர். இந்த வேறுபாட்டைத் தனியே வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் லேசான, நடுத்தரக் காயக்காரர்களிடம் பயன் தெளிவாக இருந்தது; நினைவு முற்றிலும் தப்பியவர்களிடம் அது காணப்படவில்லை. அதாவது, பெரிதும் பயன்பெறுகிறவர் இன்னும் பேசிக்கொண்டிருப்பவரே. வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து பேசினாலும், பிறகு தலைவலி கூடினால், வாந்தி எடுத்தால், உறக்கத்தில் சொக்கினால் ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.