பாலிவினைல் குளோரைடு

பாலிவினைல் குளோரைடு (பிவிசி) என்பது வினைல் குளோரைடு மூலக்கூறுகள் தொடராக இணைவதால் உருவாகும் செயற்கை நெகிழி ஆகும். உற்பத்தி அளவில் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் உள்ளது. இதன் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின் ஆகும். இதனால் பிவிசி எளிதில் தீப்பற்றுவதில்லை. எனினும் எரியும்போது நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் குளோரைடு வளிமம் வெளிப்படும்.

வரலாறு

1872 இல் செருமானிய வேதியியலாளர் ஆய்கன் பவுமன், சூரிய ஒளி பட்ட குடுவையில் வினைல் குளோரைடு வெண்ணிறத் திண்மமாக மாறியிருப்பதைக் கண்டார். 1913 இல் பிரிட்சு கிளாட்டே இதன் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தூய பிவிசி நொறுங்கும் இயல்புடையது. உருக்கி வார்க்க முயன்றால் வெப்பத்தால் சிதைந்துவிடும். எனவே நெடுங்காலம் இது பயனற்றதாகவே கருதப்பட்டது.

1926 இல் அமெரிக்கரான வால்டோ சீமன், இரப்பரை உலோகத்துடன் ஒட்டுவதற்கான பசையைத் தேடியபோது, பிவிசியை உயர்ந்த கொதிநிலையுடைய கரைப்பானில் சூடாக்கி, வளையக்கூடிய பொருளாக மாற்றினார். பிவிசியின் பயன்பாடு அதனுடன் சேர்க்கப்படும் பொருட்களைச் சார்ந்தது என்பது இதன்பின் தெளிவாயிற்று. இளக்கி சேர்த்தால் மின்கம்பி உறை, தரைவிரிப்பு போன்ற மென்மையான பொருட்களும், இளக்கி சேர்க்காவிடில் குழாய், சன்னல் சட்டம் போன்ற விறைப்பான பொருட்களும் கிடைக்கின்றன. செருமனியில் 1930களிலேயே பிவிசி குடிநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன.

கட்டடப் பயன்கள்

இரும்புக் குழாயைப் போல பிவிசி குழாய் துருப்பிடிப்பதில்லை, எடையும் குறைவு. இதனை இணைக்க மரை வெட்ட வேண்டியதில்லை. கரைப்பான் பசை இரு பரப்புகளையும் சற்றே கரைப்பதால், பசை உலர்ந்தபின் அவை ஒன்றாகிவிடுகின்றன. பசை பூசுமுன் ஈரத்தையும் தூசியையும் துடைக்காமையே கசிவுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. கூரைக் கற்காரையினுள் மின்கம்பிகளைக் கொண்டுசெல்லவும் பிவிசி குழாய்கள் பயன்படுகின்றன.

ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் பிவிசி இளகிவிடும். ஆகவே சுடுநீருக்குக் கூடுதல் குளோரின் ஏற்றப்பட்ட சிபிவிசி குழாய்களே ஏற்றவை. நீண்டகாலம் வெயில் பட்டால் குழாய் நிறம் மங்கி நொறுங்கும்; மொட்டைமாடியில் செல்லும் குழாய்களுக்கு வண்ணம் பூசுவது நல்லது.

உடல்நலச் சிக்கல்கள்

1974 இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், பிவிசி தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே அரிதான கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முடிவுற்ற குழாயன்று, அதன் மூலப்பொருளான வினைல் குளோரைடே இதற்குக் காரணமாகும். அதன்பின் தொழிற்சாலைக் காற்றில் அதன் அளவு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது.

வெப்பத்தால் சிதையாதிருக்கப் பல காலம் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டன. குழாயிலிருந்து ஈயம் குடிநீரில் கலக்கக்கூடும். இது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் கால்சியம்-துத்தநாகச் சேர்மங்களுக்கு மாறினர். இந்தியாவில் குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021 இல் வெளியிடப்பட்டன. அதற்கு முன் பதிக்கப்பட்ட குழாய்கள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன.