பச்சை முனை ஆன்டெனா: பிரிட்டனின் அலைக்கற்றை மாற்றங்களும் வீட்டுத் தொலைக்காட்சியும்

பிரிட்டனில் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிபிசியின் இரண்டாம் அலைவரிசை தொடங்கியபோது, அந்நாட்டுத் தொலைக்காட்சி யூஎச்எஃப் எனப்படும் மீஉயர் அதிர்வெண் பட்டைக்குள் முதன்முறையாக நுழைந்தது. 1936இல் லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து தொடங்கியிருந்த முந்தைய ஒளிபரப்பு, 405 கிடைக்கோடுகள் கொண்ட படத்தை விஎச்எஃப் பட்டையில் அனுப்பிவந்தது. புதிய அலைவரிசையோ 625 கோடுகள் கொண்ட படத்தை வேறொரு பட்டையில் அனுப்பியதால், அதைப் பார்க்க விரும்பிய குடும்பம் புதிய பெட்டியையும் புதிய ஆன்டெனாவையும் வாங்க வேண்டியிருந்தது. தொடக்க இரவின் நிகழ்ச்சிகள் லண்டனில் ஏற்பட்ட மின்தடையால் குலைந்துபோனதை நகைச்சுவையோடு நினைவுகூர்வோர், அந்த இரவில் தொடங்கிய இன்னொரு வரலாற்றைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒளிபரப்புக் கோபுரத்தில் அதிர்வெண் மாறும்போதெல்லாம், அந்த மாற்றத்தின் கடைசிப் பகுதியை வீட்டுக்காரரே தம் கூரையிலும் கூடத்திலும் செய்து முடிக்க வேண்டும் என்ற வழக்கத்தின் வரலாறு அது.

யூஎச்எஃப் அலைகள் நீளம் குறைந்தவை. மலையும் மேடும் குறுக்கிட்டால் அவை எளிதில் தடைபடும். ஆகவே உயர்ந்த முதன்மைக் கோபுரங்களோடு, பள்ளத்தாக்குகளுக்கென்று சிறு மறுஒளிபரப்பு நிலையங்களும் நிறுவப்பட்டு, அவற்றின் எண்ணிக்கை காலப்போக்கில் ஆயிரத்தைத் தாண்டியது. பட்டை முழுவதும் ஒவ்வொன்றும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு 21 முதல் 68 வரை எண்ணிடப்பட்டது. இக்கட்டுரையில் இத்துண்டுகள் தடங்கள் என்றும், மக்கள் பார்க்கும் நிகழ்ச்சிச் சேவைகள் அலைவரிசைகள் என்றும் குறிக்கப்படுகின்றன. 21ஆம் தடத்தின் மையம் 474 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து ஒவ்வொரு தடத்துக்கும் எட்டு எட்டாகக் கூட்டிக்கொண்டே போகலாம். அருகருகே உள்ள கோபுரங்கள் ஒரே தடத்தைப் பயன்படுத்தினால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்பதால், 1961இல் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படையில், கோபுரத்துக்கு நான்கு தடங்கள் வீதம், இயன்றவரை பட்டையின் ஒரே பகுதிக்குள் அடங்குமாறு ஒதுக்கப்பட்டன.

இந்த ஒழுங்கிலிருந்தே ஆன்டெனாக் குழுக்கள் பிறந்தன. கூரைகளில் காணப்படும் யாகி வகை ஆன்டெனா, 1926இல் ஜப்பானியப் பொறியாளர்கள் உடாவும் யாகியும் வெளியிட்ட வடிவம். ஒரு தண்டில் வரிசையாகப் பொருத்தப்பட்ட குறுக்குக் கம்பிகளின் நீளமே அது எந்த அதிர்வெண்ணை நன்றாகப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பட்டை முழுவதையும் பிடிக்க முயலும் ஆன்டெனாவைவிட, ஒரு பகுதியை மட்டும் குறிவைக்கும் ஆன்டெனா அதே நீளத்தில் கூடுதல் வலுவைத் தரும். எனவே தாழ்ந்த தடங்களுக்கு ஏ குழு, நடுத் தடங்களுக்கு பி குழு, உயர்ந்த தடங்களுக்கு சி-டி குழு என்று தயாரிப்பாளர்கள் பிரித்து, தண்டின் முனையில் செருகப்படும் பிளாஸ்டிக் மூடிக்கு முறையே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களைக் கொடுத்தனர். எல்லாத் தடங்களையும் ஏற்கும் அகலப்பட்டை ஆன்டெனாவுக்குக் கறுப்பு நிறம் வந்தது. நான்கே அலைவரிசைகள் இருந்த காலத்துக்கு இது சிக்கனமும் அறிவும் சேர்ந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. தடங்கள் இடம் மாறும் நாள் ஒன்று வரக்கூடும் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

முதல் எச்சரிக்கை டிஜிட்டலுக்கு முன்பே வந்தது. 1997 மார்ச் 30இல் தொடங்கிய சேனல் 5, அதுவரை ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த 35, 37ஆம் தடங்களைப் பல இடங்களில் பயன்படுத்தியது. வீட்டு விசிஆர் கருவிகள் தம் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அனுப்பிய அதிர்வெண்ணும் அதே பகுதியில்தான் இருந்தது. எனவே ஒளிபரப்புத் தொடங்குமுன் அந்நிறுவனம் தன் செலவில் ஆட்களை வீடு வீடாக அனுப்பி, லட்சக்கணக்கான விசிஆர்களை வேறு தடத்துக்கு மாற்றித் தர வேண்டியதாயிற்று. மாற்றத்தால் பயன்பெற்றவரே கதவைத் தட்டி வந்து சரிசெய்து கொடுத்த அந்த முறை, அதன் பின் வந்த பெரிய மாற்றங்களில் பொது விதியாகத் தொடரவில்லை.

1998 நவம்பர் 15இல் ஆன்டிஜிட்டல் என்ற கட்டணச் சேவையோடு தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது. அனலாக் முறையில் ஒரு தடம் ஓர் அலைவரிசையையே சுமக்கும். டிஜிட்டலில் பல அலைவரிசைகள் சுருக்கி அடுக்கப்பட்டு மல்டிபிளெக்ஸ் எனப்படும் ஒரே தொகுப்பாக ஒரு தடத்தில் செல்கின்றன. அனலாக் ஒளிபரப்பு நிற்காமல் இருந்ததால், ஆறு டிஜிட்டல் தொகுப்புகளும் எஞ்சிய இடுக்குகளில், குறைந்த ஆற்றலில், பல கோபுரங்களில் பழைய குழுவுக்கு வெளியே நுழைக்கப்பட்டன. ஐடிவி டிஜிட்டல் என்று பெயர் மாற்றிக்கொண்ட அச்சேவை 2002இல் வீழ்ந்ததற்கு வணிகக் காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், நிலையற்ற படமும் அதற்குத் துணைபோனது. அதே ஆண்டு அக்டோபர் 30இல் கட்டணமின்றித் தொடங்கிய ஃப்ரீவியூ, பெரும்பாலான தொகுப்புகளில் அலைவரிசைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பிழையைத் தாங்கும் திறன் கூடிய பண்பேற்ற முறையை ஏற்றது.

டிஜிட்டல் ஏற்பின் இயல்பும் பழுது தேடும் கலையை மாற்றியது. அனலாக் காலத்தில் சமிக்ஞை குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். ஒருவர் கூரையில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழே பெட்டியைப் பார்த்துக் குரல் கொடுக்க, நல்ல திசை கண்டுபிடிக்கப்பட்டது என்பது தூர்தர்ஷன் காலத் தமிழ் வீடுகளுக்கும் பழக்கமான காட்சி. டிஜிட்டலிலோ பிழைதிருத்தும் கணக்கு, ஓர் எல்லைவரை இழந்த தகவலை முழுமையாக மீட்டுவிடுகிறது. எல்லையைத் தாண்டியதும் படம் சதுரங்களாக உடைந்து, உடனே மறைகிறது. ஆகவே நேற்றுவரை குறையின்றித் தெரிந்தது என்பது ஆன்டெனா நலமாக இருந்ததற்குச் சான்றாகாது; அது பல ஆண்டுகளாக அந்த எல்லையின் விளிம்பிலேயே நின்றிருக்கக்கூடும்.

அனலாக் நிறுத்தம் கம்ப்ரியா மாவட்டத்தின் வைட்ஹேவனில், 2007 அக்டோபர் 17இல் ஓர் அலைவரிசையோடும், நவம்பர் 14இல் எஞ்சியவற்றோடும் தொடங்கி, பகுதி பகுதியாக நகர்ந்து 2012 அக்டோபர் 24இல் வட அயர்லாந்தில் முடிந்தது. 75 வயதைக் கடந்தோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் பிபிசி நடத்திய உதவித் திட்டம் கருவியும் பொருத்தித் தரும் ஆளும் அளித்தது. அனலாக் நீங்கியதும் டிஜிட்டல் ஆற்றல் பல மடங்கு உயர்த்தப்பட்டது. இது நன்மைதான்; ஆனால் குறைந்த ஆற்றல் காலத்தில் கம்பத்திலும் பரணிலும் பொருத்தப்பட்ட பூஸ்டர்கள் அங்கேயே இருந்தன. அளவுக்கு மிஞ்சிய சமிக்ஞை பூஸ்டரையும் பெட்டியையும் திணறடிக்கும்போது தோன்றும் அறிகுறி, சமிக்ஞை போதாதபோது தோன்றும் அறிகுறியைப் போலவே இருக்கும். எனவே படம் உடைந்த வீட்டில் இன்னொரு பூஸ்டரைச் சேர்த்தவர்கள் நோயை வளர்த்தார்கள், இருந்ததைக் கழற்றியவர்கள் குணம் கண்டார்கள்.

இதே காலத்தில் ரீடியூன் என்ற சொல் பிரிட்டிஷ் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் நுழைந்தது. பெட்டி தடங்களை எல்லாம் தேடி, கிடைத்த அலைவரிசைகளின் பட்டியலைப் புதிதாகப் பதிந்துகொள்வதே ரீடியூன். சேனல் 5 ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய 2009 செப்டம்பர் 30இல், நாடு முழுவதும் ஃப்ரீவியூ வீடுகள் ஒரே நாளில் இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. தேடல் தாழ்ந்த தடத்திலிருந்து மேலேறிச் செல்வதால், இரு கோபுரங்களின் எல்லைக்குள் உள்ள வீடுகளில் பல பெட்டிகள் முதலில் அகப்பட்ட கோபுரத்தையே முதன்மையாகக் கொண்டு, மற்றதை 800க்கு மேற்பட்ட எண்களில் தள்ளின. இதனால் பிரிஸ்டல் கால்வாயின் இங்கிலாந்துக் கரையில் வேல்ஸ் செய்திகளும், வேல்ஸ் கரையில் இங்கிலாந்துச் செய்திகளும் முதல் எண்ணில் வந்து அமர்ந்தன. ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டுத் தேடவிட்டுப் பழைய பட்டியலை அழித்தல், பிறகு உரிய கோபுரத்தின் தட எண்களை மட்டும் கையால் கொடுத்துத் தேடுதல் ஆகிய இரு உத்திகளும் இவ்வாறு பழக்கத்தில் வந்தன. நினைவகம் சிறிய பழைய செட்-டாப் பாக்ஸ்கள் சிலவற்றுக்கு எந்த உத்தியும் பயன்படவில்லை. கோபுரங்கள் அனுப்பும் வலையமைப்புப் பட்டியல் நீண்டபோது அதைப் படிக்கத் தெரியாமல் அவை முடங்கின.

மாற்றம் அத்தோடு நிற்கவில்லை. அலைபேசிச் சேவைகளுக்காக முதலில் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியும், அதாவது 61ஆம் தடமும் அதற்கு மேற்பட்டவையும், பின்னர் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியும், அதாவது 49 முதல் 60 வரையிலான தடங்களும் தொலைக்காட்சியிடமிருந்து எடுக்கப்பட்டன. 61, 62ஆம் தடங்களைத் தொலைக்காட்சிக்கே விட்டுவைப்பதாகத் தொடக்கத்தில் இருந்த திட்டம், ஐரோப்பிய ஒருமைப்பாட்டை முன்னிட்டு மாற்றப்பட்டதால், அனலாக் நிறுத்தத்தின்போது புதிய தடங்களுக்குச் சென்ற சில கோபுரங்கள் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2013இல் நடந்த 4ஜி ஏலம் 230 கோடி பவுண்டுக்கு மேல் ஈட்டியது. கைபேசிக் கோபுரங்களின் இடையூறு ஏராளமான வீடுகளைத் தாக்கும் என்று அஞ்சி வடிகட்டிகள் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டபோதிலும், உண்மையில் பாதிக்கப்பட்டவை மிகச் சிலவே. 2017இல் தொடங்கிய 700 மெகாஹெர்ட்ஸ் விலக்கல், பெருந்தொற்றால் இடைநின்று 2020 ஆகஸ்டில் நிறைவுற்றது.

இவ்வளவின் விளைவையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால் லங்காஷயரின் விண்டர் ஹில் கோபுரத்தைப் பார்க்கலாம். மான்செஸ்டர், லிவர்பூல் பகுதிகளுக்கு ஒளிபரப்பும் இக்கோபுரம் அனலாக் காலத்தில் 55, 59, 62, 65ஆம் தடங்களைப் பயன்படுத்தியது. ஆகவே அப்பகுதிக் கூரைகள் பச்சை முனை ஆன்டெனாக்களால் நிறைந்திருந்தன. இன்று அதன் ஆறு தொகுப்புகளும் 29 முதல் 37 வரையிலான தடங்களில், அதாவது சிவப்பு முனைக்கு உரிய பகுதியில் உள்ளன. பச்சை முனை ஆன்டெனா தாழ்ந்த அதிர்வெண்ணில் தன் வலுவைப் படிப்படியாகவே இழக்கும் என்பதால், கோபுரத்துக்கு அருகிலுள்ள வீடுகளில் படம் இன்னும் வருகிறது. தொலைவிலோ, மழைநீர் புகுந்த கேபிளோடு சேரும்போது ஒரு தொகுப்பு தெரியும், இன்னொன்று மறையும், எத்தனை முறை ரீடியூன் செய்தாலும் பட்டியல் குறைந்துகொண்டே போகும். இதற்கு நேர்மாறாகத் தாழ்ந்த தடங்களுக்கான ஆன்டெனா உயர்ந்த தடங்களைச் சந்திக்கும் இடங்களில் வீழ்ச்சி செங்குத்தானது. எல்லை கடந்ததும் யாகியின் முன்கம்பிகள் அலையை உள்ளே வழிநடத்துவதை விட்டுத் தடுக்கவே தொடங்குகின்றன.

பழுது தேடும் சரியான வரிசை இந்த வரலாற்றிலிருந்தே கிடைக்கிறது. எல்லா அலைவரிசைகளும் மறைந்தால் கேபிளையும் பூஸ்டரின் மின்சாரத்தையும் முதலில் ஐயுற வேண்டும். ஒரு தொகுப்பு மட்டும் மறைந்தால் அதன் தட எண்ணை ஆன்டெனாவின் குழுவோடு ஒப்பிட வேண்டும். வேற்று வட்டாரச் செய்தி வந்தால் பட்டியலை அழித்துக் கையால் தேட வேண்டும். உயரழுத்த வானிலையில் சில நாட்கள் மட்டும் படம் உடைந்தால் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். தொலைதூரக் கோபுரங்களின் அலைகள் வளிமண்டலத்தில் வளைந்து வந்து குறுக்கிடும் அந்நேரத்தில் ரீடியூன் செய்பவர், இருந்த நல்ல பட்டியலையும் இழக்கிறார்.

அரசுக் கருவூலத்துக்கு ஏலப்பணம் வந்த இம்மாற்றங்களில், 700 மெகாஹெர்ட்ஸ் விலக்கலின்போது தகுதியுள்ள வீடுகளின் ஆன்டெனாவைப் பொதுச் செலவில் மாற்றித் தர வழி செய்யப்பட்டது. அது உரிய செயல், ஆனால் தாமதமான செயல். தெரியாத படத்துக்குத் தம் பெட்டியே காரணம் என்று நம்பிப் புதுப்பெட்டி வாங்கியவர்களின் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 2023இல் துபாயில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, 694 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பகுதியை ஐரோப்பாவில் ஒளிபரப்புக்கே முதன்மையாக விட்டுவைத்து, 2031இல் மறுபரிசீலனை செய்யத் தீர்மானித்தது. பிரிட்டனின் தரைவழித் தொகுப்புகளுக்கான உரிமங்கள் 2034ஆம் ஆண்டுவரை நீட்டிக்கப்பட்டுள்ளன.