குப்பிக்குள் ஒளிந்த நோய்

நோயைத் துரத்த வந்த மருந்தே நோயைச் சுமந்து வந்ததுண்டு. கட்டுக்கதையன்று, பிரிட்டன் நாட்டு ஆய்வேடுகளிலே பதிவான வரலாறு.

1935-ஆம் ஆண்டு. உண்ணிக் கடியால் ஆடுகளைத் தாக்கும் 'லூப்பிங் இல்' என்னும் மூளை நோய்க்குத் தடுப்பூசி கண்டனர். ஆட்டின் மூளை, தண்டுவடம், மண்ணீரல் ஆகியவற்றை அரைத்து, ஃபார்மலின் சேர்த்து, மூன்று தொகுதிகளாக ஆக்கினர். 40,000-க்கும் மேற்பட்ட ஊசி மருந்துகள்! மேய்ப்பர் மனம் மகிழ்ந்தனர். ஆண்டு இரண்டு உருண்டது. இரண்டாம் தொகுதி ஊசி பெற்ற மந்தைகளிலே, ஆடுகள் வேலியிலே உடலைத் தேய்த்துத் தேய்த்து, கால் தள்ளாடி மடியத் தொடங்கின. ஸ்க்ரேப்பி! மூளை தந்த ஆடுகளிலே உறங்கிக்கிடந்த நோய், ஃபார்மலினுக்கு அஞ்சாமல் குப்பிக்குள் குடியேறியிருந்தது.

இதனை 1946-இல் உலகறிய எழுதியவர் யார்? அந்தத் தடுப்பூசியை ஆக்கிய கார்டனே! தம் ஆக்கத்தின் குறையைத் தாமே உரைத்தார். பழுது கண்டால் மறைப்பது புரோகிதம், பறைசாற்றுவது அறிவியல்.

ஃபார்மலினுக்கு அடங்காத அந்த நோய்ப்பொருள் கிருமியன்று, உருத்திரிந்த புரதமே என்று கூறி, 1982-இல் அதற்குப் 'பிரையான்' எனப் பெயரிட்டார் அமெரிக்க அறிஞர் புரூசினர். 1997-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பாடம் கற்றதா பிரிட்டன்? 1986-இல் அங்கே மாடுகளிடையே அதே இனத்து மூளைநோய் கண்டறியப்பட்டது. தடுப்பூசி ஆக்கத்திலே கன்றின் குருதிநீர் பயன்படுவதுண்டு. ஆகவே, நோயற்ற நாட்டு மாடுகளிலிருந்தே மூலப்பொருள் பெறுக என 1989-இல் மருந்தாக்குவோருக்கு அறிவுரை பிறந்தது. மாட்டு நோய் மாந்தரையும் தொற்றியிருக்கக்கூடும் என 1996-இல் அரசே ஒப்புக்கொண்டது. அதன் பின்னரும், 2000 அக்டோபரில், பிரிட்டன் கன்றுகளின் குருதிநீர் கொண்டு ஆக்கிய போலியோ சொட்டுமருந்தொன்று விதியை மீறி விற்பனையில் இருப்பது தெரிந்து, திரும்பப் பெறப்பட்டது. அறிவுரை ஏட்டிலே, மருந்து குழந்தையின் நாவிலே!

அந்தச் சொட்டுமருந்தால் எவருக்கும் அந்நோய் வந்ததாகச் சான்றில்லை. போலியோவோ பிஞ்சுக் கால்களை முடக்கிய கொடுநோய். எனவே ஊசியே வேண்டாம் என்று கூவுவோர் பக்கம் நாம் நிற்கமாட்டோம். அது மற்றொரு மூடநம்பிக்கை. ஆயினும், 'மருத்துவர் தந்தார், மறுகேள்வி ஏன்?' என்று கைகட்டி நிற்கவும் மாட்டோம். மூலப்பொருள் எது? எந்த நாட்டு மந்தை? சோதித்தவர் யார்? முடிவை மக்கள்முன் வைத்தனரா? இவற்றைக் கேட்பது மருத்துவத்துக்குப் பகையன்று. அதனைக் காக்கும் காவல்.

கோயில் வாயிலிலே கேள்வி கேட்கக் கற்ற நாம், மருந்துக் குப்பியின் முன்னே மட்டும் வாய்மூடலாமா?