பில்ஸ் - பெங்கால்ஸ் ஆட்டம் (சனவரி 2, 2023)

பில்ஸ் - பெங்கால்ஸ் ஆட்டம் என்பது 2023 சனவரி 2 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரில் தொடங்கி, முதல் கால்பகுதியிலேயே நிறுத்தப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஆகும். தேசியக் காற்பந்துச் சங்கத்தின் (என்.எப்.எல்) 2022 பருவத்தில் பஃபலோ பில்ஸ், சின்சினாட்டி பெங்கால்ஸ் ஆகிய அணிகள் இதில் மோதின. முடிவு பெறாத இவ்வாட்டத்தால், பிளே-ஆஃப் சுற்றுக்கான தரவரிசையை எவ்வாறு நேர்மையாக வகுப்பது என்ற சிக்கல் எழுந்தது. (இங்கு காற்பந்து எனப்படுவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை விளையாட்டு ஆகும்.)

ஆட்டம் நின்ற விதம்

பெங்கால்ஸ் 7-3 என முன்னிலையில் இருந்தது. முதல் கால்பகுதியில் 5 நிமிடம் 58 நொடி எஞ்சியிருந்தபோது, பந்துடன் ஓடிவந்த டீ ஹிக்கின்சை மடக்கி வீழ்த்திய பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின், எழுந்து நின்ற உடனேயே சாய்ந்து விழுந்தார். அவரது இதயத்துடிப்பு நின்றிருந்தது. மைதானத்திலேயே உயிர்காக்கும் முதலுதவி அளிக்கப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மார்பில் விழும் அடி இதயத்துடிப்பைக் குலைக்கும் அரிய நிலையே இதற்குக் காரணம் என 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஹாம்லின் உடல்நலம் தேறி, 2023 பருவத்தில் மீண்டும் களம் இறங்கினார்.

அன்றிரவே தள்ளிவைக்கப்பட்ட ஆட்டம் மீண்டும் நடத்தப்படாது எனச் சனவரி 5 அன்று சங்கம் அறிவித்தது. எந்தெந்த அணிகள் பிளே-ஆஃப் செல்லும் என்பதை இவ்வாட்டம் மாற்றாது என்பதும், இதனை நடத்தினால் 14 அணிகளின் பிளே-ஆஃப் ஆட்டங்களும் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

தரவரிசையின் பயன்

ஏ.எப்.சி, என்.எப்.சி எனும் இரு பெரும்பிரிவுகளிலிருந்தும் தலா 7 அணிகள் பிளே-ஆஃப் செல்கின்றன. முதலிடம் பெறும் அணிக்கு மட்டும் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் சலுகை உண்டு. ஒவ்வொரு ஆட்டமும் தரவரிசையில் முன்னுள்ள அணியின் சொந்த மைதானத்தில் நடைபெறும். இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் மட்டும் இதற்கு விலக்கு. அணிகள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை சமமாக இல்லாவிடில் வெற்றி விகிதமே அளவுகோல் ஆகும். இவ்விதி முன்பே இருந்தது.

ஆனால் இவ்விதியின்படி ஏ.எப்.சி அணிகள் மூன்று வெவ்வேறு வகையில் பாதிக்கப்பட நேர்ந்தது. ஆட்டம் தொடங்கும்போது பில்ஸ் 12-3, பெங்கால்ஸ் 11-4 என்ற நிலையில் இருந்தன. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 13-3 என முன்னணியில் இருந்தது. அக்டோபரில் பில்ஸ் சீஃப்சை 24-20 என வென்றிருந்ததால், இரண்டும் சமநிலையில் முடித்தால் முதலிடம் பில்சுக்கே உரியது. பெங்கால்சோ பில்சை வென்றிருந்தால் அதனைப் பின்தள்ளி இரண்டாம் இடம் பெறும் வாய்ப்பு இருந்தது. மூன்றாவதாக, ஆட்டத்தில் பங்கே பெறாத பால்ட்டிமோர் ரேவன்ஸ் அணியும் பாதிக்கப்பட்டது. பெங்கால்ஸ் பில்சிடம் தோற்று, கடைசி வாரத்தில் ரேவன்சிடமும் தோற்றிருந்தால் இரண்டும் 11-6 என நின்று, வடக்குப் பிரிவுப் பட்டம் ரேவன்சுக்குச் சென்றிருக்கும். ஆட்டம் கைவிடப்பட்டதால் பெங்கால்சின் நிலை 11-5 ஆகவே இருந்திருக்கும். எனவே பட்டம் கடைசி வாரத்துக்கு முன்பே பெங்கால்சுக்கு உறுதியானது.

சனவரி 6 தீர்மானம்

அணி உரிமையாளர்கள் சிறப்புக் கூட்டத்தில் இரு தற்காலிக விதிகளை ஏற்றனர். இதற்கு 32 வாக்குகளில் 24 தேவை. முதல் விதியின்படி, ஏ.எப்.சி வாகையர் ஆட்டத்தில் மோதும் இரு அணிகளின் ஆட்ட எண்ணிக்கை வேறுபட்டு, முழுப் பருவமும் நடந்திருந்தால் இரண்டுக்குமே முதலிடம் கிட்டியிருக்கக்கூடும் எனில், அவ்வாட்டம் பொது மைதானத்தில் நடைபெறும். இரண்டாவது விதி ரேவன்சுக்கானது. கடைசி வாரத்தில் ரேவன்ஸ் பெங்கால்சை வென்று, முதல் பிளே-ஆஃப் சுற்றிலும் இரண்டும் மோத நேர்ந்தால், மைதானம் நாணயச் சுழற்சியால் முடிவு செய்யப்படும்.

பருவத்தின் நடுவில், அதுவும் பிளே-ஆஃப் வாயிலில், விதியை மாற்ற அணிகளிடமே வாக்குக் கேட்பது முறையன்று எனப் பெங்கால்ஸ் துணைத்தலைவர் கேட்டி பிளாக்பர்ன் ஏனைய அணிகளுக்கு எழுதினார். இவ்வாதத்தில் வலு உண்டு. வெற்றி விகிதத்தால் உறுதியான சொந்த மைதானத்தை நாணயத்தில் வைக்கும்படி பெங்கால்சிடம் கோரப்பட்டது. ஆனால் அதே அணி இழந்த இரண்டாம் இட வாய்ப்புக்கு ஈடு எதுவும் வழங்கப்படவில்லை. அதேபோல் பில்ஸ் இழந்த முதல் சுற்றுச் சலுகைக்கும் தீர்மானத்தில் ஈடு இல்லை. மறுபுறம், விகிதத்தை மட்டும் பின்பற்றியிருந்தால் ரேவன்ஸ், பில்ஸ் ஆகிய இரண்டுக்கும் எவ்வித ஈடும் கிடைத்திராது.

வேலைநிறுத்தம் காரணமாக 1987 இல் ஒரு வார ஆட்டங்கள் முழுமையாகக் கைவிடப்பட்டபோது இச்சிக்கல் எழவில்லை. அன்று 28 அணிகளும் ஒவ்வோர் ஆட்டத்தை இழந்தன. இங்கு இரண்டு மட்டுமே இழந்தன.

விளைவு

கடைசி வாரத்தில் சீஃப்ஸ் (14-3), பில்ஸ் (13-3), பெங்கால்ஸ் (12-4) ஆகிய மூன்றும் வென்றன. சீஃப்சின் விகிதம் 0.824, பில்சின் விகிதம் 0.813, முதலிடமும் சலுகையும் சீஃப்சுக்குச் சென்றன. ரேவன்ஸ் தோற்றதால் நாணயத்திற்குத் தேவை இருக்கவில்லை. அவ்வாட்டத்தில் பெங்கால்சின் ஜோ மிக்சன், புள்ளி எடுத்தபின் ஒரு நாணயத்தைச் சுண்டிக் காட்டி இத்தீர்மானத்தைக் கேலி செய்தார்.

பில்சும் சீஃப்சும் மோத நேர்ந்தால் அட்லான்டாவில் ஆடுவதென முடிவாகி, நுழைவுச்சீட்டுகளும் விற்கப்பட்டன. ஆனால் சனவரி 22 அன்று, ஈடு செய்யப்படாத அந்த இரண்டாம் சுற்று ஆட்டத்தில், பெங்கால்ஸ் பில்சின் சொந்த மைதானத்திற்கே சென்று 27-10 என வென்றது. அட்லான்டா ஆட்டம் நடைபெறவில்லை. சீட்டுப் பணம் திருப்பித் தரப்பட்டது. பில்சை வென்றிருந்தாலும் பெங்கால்ஸ் சீஃப்சை முந்தியிருக்காது என்பதால், வாகையர் ஆட்டம் வழக்கம்போல் கேன்சஸ் சிட்டியில் நடந்தது. சனவரி 29 அன்று சீஃப்ஸ் அதில் 23-20 என வென்று, பின்னர் சூப்பர் பௌலையும் கைப்பற்றியது.