டிராம் டிக்கெட், ரப்பர் ஸ்டாம்ப், கொஞ்சம் மாவுப் பசை

பேப்பர் கிராஃப்ட் சாமான் விக்கிற கடைகளில் ஒரு வகை ஸ்டாம்ப் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? பூ, பட்டாம்பூச்சி, ஈஃபில் டவர் இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பழைய தபால் முத்திரை மாதிரியே வெட்டின ரப்பர் ஸ்டாம்ப். தேதி, வட்டம், அலை அலையா நாலு கோடு. எந்த ஊர்னு படிக்க முடியாத ஒரு ஊர்ப் பேர். இதைப் பழுப்பு மையில் தொட்டு, கிழிஞ்ச நோட்டுத் தாள் மேல குத்தி, பக்கத்துல பழைய டிக்கெட் ஒண்ணை ஒட்டினா "மிக்ஸட் மீடியா" கார்டு ரெடி. டிக்கெட்டும் நிஜம் இல்லை, டிக்கெட் மாதிரி அச்சடிச்சு பாக்கெட்ல போட்டு விக்கிறாங்க.

எந்தத் தபாலும் போகாத முத்திரை, யாரும் பயணம் போகாத டிக்கெட். இந்த ரசனை எங்கேருந்து வந்ததுன்னு பின்னாடியே போனா, நேர் வழின்னு சொல்ல முடியாது, ஆனா நிச்சயமா ஒரு ஆள்கிட்ட போய் நிக்க வேண்டியிருக்கு. ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்காரர். பேர் குர்ட் ஷ்விட்டர்ஸ். அவர் ஒட்டின டிக்கெட்கள் எல்லாம் நிஜம்.

கொலாஜ் வரலாறுன்னு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 1912ல ஆரம்பிப்பாங்க. அந்த வருஷம் பாரிஸில் பிகாசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடிச்ச மெழுகுத் துணியைத் தன் ஓவியத்துல ஒட்டினார். சில மாசம் கழிச்சு பிராக், மரப்பலகை மாதிரி இருக்கிற சுவர்த் தாளை வெட்டி ஒட்டினார். வீட்டுப் பெண்கள் ஆல்பங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் அதுக்கு ஒரு நூற்றாண்டு முன்னாடியிருந்தே தாளை வெட்டி ஒட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. அதுக்கு கைவேலைன்னு பேரு, இதுக்கு கலைன்னு பேரு. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். பிகாசோவுக்கும் பிராக்குக்கும் ஒட்டின தாள் ஓவியத்துக்குள்ள ஒரு தந்திரம். ஷ்விட்டர்ஸுக்கு அதுதான் மொத்தமுமே.

1887ல பிறந்தவர். அப்பா அம்மா துணிக்கடை வெச்சிருந்து, அதை வித்துட்டு, வீடுகள் வாங்கி வாடகையில் வாழ்ந்தவங்க. பையனுக்கு வலிப்பு நோய். டிரெஸ்டன் ஓவியக் கல்லூரியில் முறையாப் படிச்சு, உருவப்படமும் இயற்கைக் காட்சியும் ஒழுங்கா வரைஞ்சுக்கிட்டு இருந்தார். முதல் உலகப்போரில் 1917ல கொஞ்ச நாள் ராணுவத்துல ஆபீஸ் வேலை. உடம்பு ஒத்துக்காததால அனுப்பி விட்டாங்க. அப்புறம் ஹனோவர் பக்கத்துல வ்யூல்ஃபெல் இரும்பு ஆலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை, 1918 நவம்பர் வரைக்கும். பல்சக்கரம், தண்டு, போல்ட்டுன்னு நாள் முழுக்க மெஷின் டிராயிங். முதல் வருஷம் எஞ்சினியரிங் டிராயிங்ல டிராஃப்டரோட மல்லுக்கட்டின யாருக்கும் இது கொலைக்குற்ற தண்டனையாத்தான் தெரியும் :-) ஆனா மனுஷனுக்குச் சக்கரத்து மேல ஒரு பிரியமே வந்துடுச்சு. அப்புறம் வரைஞ்ச படங்களில் எல்லாம் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும்.

1918 நவம்பர்ல ஜெர்மனி தோத்தது, மன்னர் ஓடினார், புரட்சி. அதே மாசம் இவருக்கு மகன் எர்ன்ஸ்ட் பிறந்தான். ஊர்ல சாப்பாடே தட்டுப்பாடு, இதுல பெயின்ட்டுக்கும் கேன்வாஸுக்கும் எங்கே போறது? தெருவில் கிடக்கிறதைப் பொறுக்க ஆரம்பிச்சார். டிராம் டிக்கெட், சிகரெட் உறை, சாக்லேட் தாள், ரேஷன் கூப்பன், செய்தித்தாள் துண்டு, கம்பி, ஆணி, கோட் பட்டன். எல்லாமே உடைஞ்சு கிடக்கு, புதுசா எதையாவது செய்யணும்னா இந்த உடைசல்லேருந்துதான் செய்யணும். பின்னாடி அந்தக் காலத்தைப் பத்தி எழுதினப்போ அவர் சொன்ன காரணம் இதுதான்.

ஒரு படத்துல ஒட்டறதுக்காக "கொமெர்ஸ் உண்ட் ப்ரிவாட் பாங்க்"ங்கிற வங்கி விளம்பரத்தை வெட்டினார். வெட்டினதுல "மெர்ஸ்"னு நாலு எழுத்து மட்டும் படத்துல தெரிஞ்சது. கொமெர்ஸ்னா வணிகம், மெர்ஸ்னா ஒண்ணும் கிடையாது. அந்த அர்த்தமில்லாத வால் துண்டையே 1919லேருந்து தன் மொத்த வேலைக்கும் பேரா வெச்சுக்கிட்டார். மெர்ஸ் படம், மெர்ஸ் கவிதை, மெர்ஸ் பத்திரிகை. வணிகத்துலேருந்து கிழிச்செடுத்த குப்பைக்கு வணிகத்துலேருந்து கிழிச்செடுத்த பேரு!

எப்படி ஒட்டினார்ங்கிறதைப் பக்கத்துலேருந்து பார்த்தவங்க எழுதி வெச்சிருக்காங்க. கோதுமை மாவையும் தண்ணியையும் கலந்து தாள் மேல தாராளமாப் பூசுவாராம். நம்ம போஸ்டர் ஒட்டறவங்க பசை மாதிரின்னு வெச்சுக்கோங்க. அந்த ஈரம் காயறதுக்குள்ள துண்டுகளை மேல போட்டு, விரல் நுனியால நகர்த்தி, திருப்பி, கசக்கி, ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏத்தி, மிச்சப் பசையை ஈரத் துணியால் வழிச்செடுப்பார். பசையையே பெயின்ட் மாதிரி தேய்ச்சும் விடுவார். முதல்ல ஸ்கெட்ச் போட்டு அளந்து வெட்டற வேலை இல்லை. காயறதுக்குள்ள முடிவெடுக்கணும். பல படங்கள் தபால் கார்டு அளவுதான்.

இன்னிக்கு அருங்காட்சியகத்துல பார்க்கிற அந்தப் படங்களோட பழுப்பு நிறத்தை வெச்சு அவர் ரசனையை எடை போட வேண்டாம். மலிவான செய்தித்தாள்ல மரக்கூழோட லிக்னின் அப்படியே இருக்கும், வெளிச்சம் பட்டா மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். ஒட்டின அன்னிக்கு அதில் பாதி பளிச்சுனு வெள்ளையா இருந்திருக்கும். கடையில் விக்கிற "விண்டேஜ்" பழுப்பு மை பாவனை பண்றது அந்த ரசாயனத்தைத்தான்.

இப்ப ஸ்டாம்ப்புக்கு வருவோம். 1919லேயே அவர் பெர்லின்ல "டெர் ஸ்டுர்ம்"ங்கிற கேலரியோடயும் அதன் பத்திரிகையோடயும் நெருக்கம். எந்த ஆபீஸ்லேயும் இருக்கிற மாதிரி அங்கேயும் ரப்பர் ஸ்டாம்ப்கள். அந்த மாதிரி ஆபீஸ் ஸ்டாம்ப்களை எடுத்து, தாள்ல நேராவும் சாய்வாவும் தலைகீழாவும் குத்தி, நடுவுல பேனாவால் ஒரு வீடு, ஒரு சக்கரம், ஒரு சின்ன மனுஷன்னு குழந்தை மாதிரி வரைஞ்சு, சிலதுல தாள் துண்டும் ஒட்டி, ஒரு வரிசை செஞ்சார். ஸ்டாம்ப் டிராயிங்னு இப்ப அதுக்குப் பேரு. ஸ்டாம்ப், மை, பேனா, ஒட்டின தாள். இன்னிக்கு கிராஃப்ட் மேஜையில் இருக்கிற அத்தனையும் நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரே தாள்ல.

எனக்கு இந்த ஸ்டாம்ப் டிராயிங்தான் அவர் வேலையிலேயே ரொம்பப் பிடிச்சது. ரப்பர் ஸ்டாம்ப் என்பது அழகுக்காக வந்த பொருளே இல்லை. வல்கனைஸ் பண்ணின ரப்பர் வந்தப்புறம் 19ஆம் நூற்றாண்டில் ஆபீஸ்களுக்காகச் செஞ்சது. ஒரு காகிதம் செல்லுமா செல்லாதா, ஒரு ஆள் உள்ளே வரலாமா கூடாதான்னு சொல்ற சாமான். அதை வெச்சு விளையாடறதுக்கு 1919 ஜெர்மனியில் ஒரு தைரியம் வேணும். போர் முழுக்க மனுஷங்க தலையெழுத்தை முடிவு பண்ணினதே இந்தக் குத்தல்கள்தானே.

பெர்லின் தாதாக்காரங்களுக்கு (தாதாயிசம்ங்க, நம்ம ஊர் தாதா இல்லை) இவரைப் பிடிக்கலை. சொந்த வீடு, குடும்பம், அரசியல் கோஷம் கிடையாது, "நடுத்தர வர்க்க ஆசாமி"ன்னு ஒதுக்கினாங்க. இருபதுகள்ல இவர் ஒரு விளம்பர நிறுவனமே ஆரம்பிச்சார். ஹனோவரிலேயே மை தயாரிச்ச பெலிக்கான் கம்பெனிக்கு விளம்பரம் செஞ்சார், 1924ல தன் மெர்ஸ் பத்திரிகையோட ஒரு இதழையே விளம்பர அச்சுக்கலைக்கும் பெலிக்கானுக்கும் ஒதுக்கினார். 1929லேருந்து ஹனோவர் நகராட்சிக்கு அச்சு வடிவமைப்பாளர். லெட்டர்ஹெட், படிவம், அறிவிப்பு எல்லாம் அவர் கைவண்ணம். அரசாங்கப் படிவத்தைக் கிழிச்சு ஒட்டின ஆளே அரசாங்கப் படிவத்தை வடிவமைச்சார். இதில் முரண் இருக்கிறதா எனக்குத் தோணலை. ஒரு தாளை எப்படிப் பார்க்கணும்னு தெரிஞ்சவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

(வீட்டு அறைகளையே மரத்தாலும் பிளாஸ்டராலும் குகை மாதிரி நிரப்பி "மெர்ஸ்பாவ்"னு ஒண்ணு பல வருஷமாக் கட்டினார். புத்தகங்கள் எல்லாம் அதைப் பத்தித்தான் பக்கம் பக்கமா எழுதுது. எனக்கு அந்தத் தபால் கார்டு சைஸ் தாள்களே போதும்.)

1933ல நாஜிகள் வந்தாங்க. அடுத்த வருஷம் நகராட்சி வேலை போச்சு. 1937 ஜனவரியில் நார்வேக்குக் கிளம்பினார், மகன் சில நாள் முன்னாடியே போயிட்டான். மனைவி ஹெல்மா பெரியவங்களையும் வீடுகளையும் பார்த்துக்க ஹனோவரிலேயே தங்கினார். அதே வருஷம் ஜூலையில் மியூனிக்ல நாஜிகள் "சீரழிந்த கலை"ன்னு ஒரு கண்காட்சி வெச்சு, நவீன ஓவியங்களைக் கேலி வாசகத்தோட தொங்கவிட்டாங்க. அதில் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்துலேருந்து பறிச்ச "மெர்ஸ் படம்" இருந்தது. ஆமா, அந்த வங்கி விளம்பரம் ஒட்டின அதே படம், பேருக்கே மூலம். அந்தச் சுவர் முன்னாடி ஹிட்லர் நிக்கிற போட்டோ இருக்கு. படம் அப்புறம் கிடைக்கவே இல்லை.

1940 ஏப்ரல்ல ஜெர்மன் படை நார்வேயிலும் நுழைஞ்சது. மகனோட வடக்கே ஓடி, ஜூன்ல ஒரு பனி உடைக்கும் கப்பலில் ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தார். நாஜிகளுக்குப் பயந்து வந்தவரை பிரிட்டன் எப்படி வரவேற்றது? "எதிரி நாட்டவர்"னு முத்திரை. மேன் தீவில் ஹட்சின்சன் முகாம்ல 1941 நவம்பர் வரைக்கும் அடைப்பு. அங்கேயும் மனுஷன் சும்மா இருக்கலை. தரையில் இருந்த லினோலியத்தைப் பெயர்த்து அது மேல படம் வரைஞ்சார். மிச்சமான கஞ்சியைச் சேர்த்து சிற்பம் செஞ்சார், அது பூஞ்சை பிடிச்சு நாறினதா கூட இருந்தவங்க எழுதியிருக்காங்க. ராத்திரியில் நாய் மாதிரி குரைப்பாராம்.

விடுதலையாகி லண்டன். இனிமே படங்களில் ஒட்டற தாள் மாறுது. ஹனோவர் டிராம் டிக்கெட் போய், நார்வே தாள்கள் வந்து, இப்ப லண்டன் பஸ் டிக்கெட், க்வாலிட்டி ஸ்ட்ரீட் மிட்டாய் உறை. ஆள் எங்கே துரத்தப்பட்டார்னு தெரிஞ்சுக்க டைரி வேண்டாம், படத்தோட மூலையைப் பார்த்தாப் போதும். 1943 அக்டோபர்ல குண்டு விழுந்து ஹனோவர் வீடும் மெர்ஸ்பாவும் அழிஞ்சது. 1944 டிசம்பர்ல லண்டன்ல ஒரு கண்காட்சி, வித்தது ஒரே ஒரு படம். ஹெல்மா அக்டோபரிலேயே புற்றுநோயில் இறந்துட்டார்ங்கிற சேதியும் அதே டிசம்பரில்தான் கைக்கு வந்தது.

1945ல ஆம்பிள்சைட்ங்கிற ஏரி மாவட்டத்து சின்ன ஊருக்குப் போனார். கூட எடித் தாமஸ், லண்டன்ல கிடைச்ச துணை. ஊர்க்காரங்க முகத்தையும் மலையையும் வரைஞ்சு வித்து வயித்தைக் கழுவினார். ஹனோவர் கால சிநேகிதி கேட்டே ஷ்டைனிட்ஸ் அமெரிக்காவுக்குப் போயிருந்தார், அங்கேருந்து காமிக்ஸ் தாள்கள் அனுப்பினார். 1947ல "கேட்டேவுக்கு"ன்னு அதை வெச்சே ஒரு கொலாஜ். அதே வருஷம் இன்னொண்ணு, ஒரு பொன்முடிப் பெண்ணின் படமும் பழ டப்பா லேபிளும் ஒட்டினது. லேபிள்ல இருந்த "கோல்டன் மார்ன்"ல முன்பகுதி மறைஞ்சு "என் மார்ன்" மட்டும் மிச்சம், அதுதான் படத்தோட பேரு. கொமெர்ஸ்லேருந்து மெர்ஸ் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, நாடு மூணு மாறியாச்சு, கை அதே விளையாட்டை விளையாடுது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1947ல பண உதவி கொடுத்தது. எல்டர்வாட்டர்ல ஒரு பழைய கல் கொட்டகையில் மறுபடியும் ஒரு மெர்ஸ் கட்டட வேலை ஆரம்பிச்சார். ஒரு சுவர் அளவுக்குத்தான் ஆச்சு. 1948 ஜனவரி 7ஆம் தேதி பிரிட்டிஷ் குடியுரிமை வழங்கியாச்சுன்னு கடிதம் வந்தது. மறுநாள் கெண்டல் ஆஸ்பத்திரியில் இறந்துட்டார். வயசு 60.

அந்தச் சுவரை 1965ல அப்படியே பெயர்த்து நியூகாஸில் பல்கலைக்கழகத்தோட ஹாட்டன் கேலரிக்குக் கொண்டு போனாங்க. ஹனோவர்ல ஸ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்துல மெர்ஸ்பாவோட மறு உருவாக்கம் ஒண்ணு இருக்கு, ஆன்சைட் வேலையா அந்தப் பக்கம் போறவங்க ஒரு சனிக்கிழமை ஒதுக்கலாம். ஆம்பிள்சைட்ல ஆர்மிட்ங்கிற சின்ன மியூசியத்துல அவர் வயித்துக்காக வரைஞ்ச உருவப்படங்கள் இருக்கு. அதுல கிழிசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கோட்டு போட்ட ஊர்ப் பெரியவங்க ஒழுங்கா உட்கார்ந்திருப்பாங்க.