மதுரைச் சமவெளியில் மரமறுப்பு: ஈர்வாள் முதல் சங்கிலி வாள் வரை

மரத்தை வெட்டுவது ஒரு தொழில். அறுப்பது வேறொரு தொழில். நிற்கும் மரத்தைச் சாய்ப்பதும் துண்டு போடுவதும் வெட்டு. சாய்ந்த கட்டையை நீளவாக்கில் அறுத்துப் பலகையும் சட்டமும் எடுப்பது அறுப்பு. துண்டு போடும்போது வாள் மரத்தின் நாரைக் குறுக்கே அறுக்கிறது. பலகை எடுக்கும்போது நாரோடு சேர்ந்து ஓடுகிறது. வாளின் பல், ஆளின் கூலி, இயந்திரத்தின் விலை எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டினால் மாறுகின்றன. மதுரையிலும் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பகுதிகளிலும் மரம் வெட்டும் தொழிலாளர் கையில் இன்று பெட்ரோலில் ஓடும் சங்கிலி வாள் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வெட்டுக்கே பயன்படுகிறது. அதனால் பலகையாகக்கூடிய மரமும் விறகாகிப் போகிறது. இந்நிலை எப்படி வந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

இருவர் இழுத்த வாள்

வாளுக்கு இங்கே வயது அதிகம். மதுரைக்காஞ்சி காட்டும் நகரத்துத் தெருக்களில் சங்கை அறுத்து வளையல் செய்வோர் இருக்கிறார்கள். மரம் அறுக்கும் வாளை ஈர்வாள் என்றனர். ஈர்தல் என்றால் அறுத்தல். அறுக்கும் முன் கட்டையின் மேல் கோடு இழுக்க வேண்டும். கரி தோய்த்த கயிற்றை இருமுனையிலும் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். இதுவே தச்சரின் எற்றுநூல். மரத்தின் கோணலைத் தீர்க்கும் இந்த நூலைத்தான் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் இலக்கண நூலுக்கு உவமையாக எடுத்துக்கொண்டார். தமிழாசிரியர்கள் பாயிரம் நடத்தும்போது ஒரு கரிக்கயிற்றையும் வகுப்புக்குக் கொண்டுபோனால் அந்த உவமையை விளக்க வேண்டிய வேலையே இராது.

பெரிய கட்டையைக் குழியின் மேல் கிடத்தியோ, கவைக்கட்டைகளின் மேல் சாய்த்து ஏற்றியோ இருவர் அறுத்தனர். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து வாளை நடத்துவார். கீழே நிற்பவர் இழுப்பார். மரத்தூள் முழுவதும் அவர் கண்ணிலும் மூக்கிலும் விழும். வாள் மரம் விழுந்த இடத்துக்கே வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கிணற்றடி வேம்போ, கண்மாய்க்கரைக் கருவேலோ, அங்கேயே பலகையாகவும் சட்டமாகவும் மாறியது. வேம்பு நிலைக்கும் கதவுக்கும், நாட்டுக் கருவேல் கலப்பைக்கும் வண்டிக்கும், இலுப்பை தேருக்கும் போயின. பனையை மட்டும் ஆப்பு வைத்துப் பிளந்து கூரைச் சட்டம் எடுத்தனர்.

மரம் வாளைத் தேடிப் போனது

மதுரைக்கு 1875-இல் இரயில் வந்தது. கடல் வழியே பர்மாத் தேக்கு வந்தது. அதைக் காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அந்தமானில் சாத்தாம் தீவு மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கியது. மின்சாரம் தென்மாவட்டங்களில் பரவிய பிறகு இங்கும் வட்ட வாளும் பட்டை வாளும் கொண்ட வாள்பட்டறைகள் வந்தன. அதன் பிறகு மரம்தான் வண்டியேறி வாளிடம் போக வேண்டியதாயிற்று.

மரக்கடைக் கணக்கு தனி. உருளையின் கன அளவைப் படித்த மாணவன் அங்கே போனால் குழம்பிவிடுவான். சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். 6 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டைக்கு 22.5 கன அடி வரும். பாடப்புத்தகச் சூத்திரப்படி அது சுமார் 28.6 கன அடி. ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகக் காணாமல் போகிறது! இது ஏமாற்று அல்ல. பட்டைக்கும் மரத்தூளுக்கும் விட்ட கழிவு. இந்த முறையை எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் அட்டவணை நூலாக வெளியிட்டார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

பிறகு சட்டம் வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் தொடர்பாக கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் பிறப்பித்த ஆணை நாடு முழுவதும் காட்டுமரத் தொழிலை மாற்றியது. உரிமம் இல்லாமல் மர அறுவை ஆலை நடத்த முடியாத நிலை ஏற்பட்டது. காட்டைக் காக்க அது தேவையாகவே இருந்தது. ஆனால் ஊருக்குள் விழும் ஒற்றை மரத்துக்கு அருகில் வாள் இல்லாமலும் போனது.

சங்கிலி வாளின் வரவு

சங்கிலியில் பல்லைக் கோத்துச் சுழலவிடும் எண்ணம் முதலில் அறுவை மருத்துவர்களிடம் பிறந்தது. எலும்பை அறுக்கக் கையால் இயக்கும் சிறு சங்கிலிகளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஸ்காட்லாந்து மருத்துவர்கள் பயன்படுத்தினர். மரத்துக்கு வந்தது மிகவும் பிற்பாடு. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சார வாளையும் 1929-இல் பெட்ரோல் வாளையும் செய்தார். இரண்டையும் தூக்க இருவர் வேண்டும். சங்கிலியின் பல் 1946-இல்தான் திருந்தியது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டுப்புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாகச் செதுக்கிச் செல்வதைப் பார்த்து, அதே போல வளைந்த பல்லை வடிவமைத்தார். இன்று மதுரைக் கடைகளில் தொங்கும் சங்கிலிகளும் அந்த வழியில் வந்தவையே.

நான்கு வழிச்சாலைப் பணிகளில் புளிய மரங்கள் சாய்ந்த காலத்தில் இந்தக் கருவி நம் கண்ணில் அதிகம் பட்டது. இராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சாலை மரங்களின் மரபு நமக்கு உண்டு. அம்மரங்களைத் தச்சுக்கு எடுப்பதில் ஒரு சிக்கல்: ஆணி. விளம்பரத் தகடு, கட்சிப் பலகை, மின்விளக்குக் கம்பி என்று எதையெல்லாமோ அடித்துவைத்திருக்கிறோம். மரம் வளர்ந்து ஆணியை விழுங்கிவிடும். பட்டை வாள் அதில் மோதினால் அறுந்து போகும். ஆகவே சாலை மரம் என்றாலே வாள்பட்டறைக்காரர் தயங்குகிறார். கட்டை செங்கல் சூளைக்குப் போகிறது. சங்கிலி வாளுக்கு ஆணி பட்டாலும் சில பற்களை அரத்தால் தீட்டிச் சரிசெய்யலாம். மிஞ்சினால் ஒரு சங்கிலி போகும். சாலை மரத்தைக் காப்பாற்ற இதைவிட ஏற்ற வாள் இல்லை என்பது என் கருத்து.

சீமைக்கருவேலின் கதை இன்னும் பெரியது. ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877 அளவில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் விதைக்கப்பட்டது. விறகுப் பஞ்சத்தைப் போக்கப் பின்னர் அரசே அதைப் பரப்பியது. இன்று மதுரை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களில் அது இல்லாத இடம் குறைவு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்றும்படி ஆணையிட்டது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டியதெல்லாம் கரிமூட்டத்துக்கும் சூளைக்கும் போனது. இதே மரம் கென்யாவிலும் மண்டிக்கிடக்கிறது. அங்கே பாரிங்கோ பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தபோது, இதன் நெற்றைத் தின்று பல் போன ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது: சங்கிலி வாளில் சட்டம் பொருத்தி இம்மரத்தைப் பலகையாக அறுக்க மக்களுக்குப் பயிற்சி அளித்தனர். கட்டை குட்டை, கோணல், முள். வண்டியேற்றி ஆலைக்கு அனுப்பக் கட்டுபடியாகாது. வாள்தான் மரத்திடம் போக வேண்டும். வைரமேறிய சீமைக்கருவேல் அதிகம் சுருங்காத, கெட்டியான மரம். அதன் இனத்தைச் சேர்ந்த மரங்களில் அர்ஜென்டினாவில் நாற்காலியும் தரைக்கட்டையும் செய்கிறார்கள்.

எந்த வாள், எந்தச் சங்கிலி

இங்கே பரவலாக விற்பவை 52, 58 சிசி என்று ஒட்டிய மலிவு விலை வாள்கள். கிளை கழிக்கவும் துண்டு போடவும் போதும். பலகை அறுப்பதற்கு என்ஜின் நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் சிறிய என்ஜின் சூடேறி மடங்கிவிடும். ஓரடி அகலத்துக்குள் உள்ள சீமைக்கருவேலுக்கு 60, 70 சிசியாவது வேண்டும். இரண்டடி அகலப் புளிக்கு 90 சிசிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பாரின் நீளத்தில் மூன்று நான்கு அங்குலம் சட்டத்துக்கே போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சங்கிலியைத் தீட்டும் கோணமும் மாறும். துண்டு போடும் சங்கிலிக்கு 30 பாகை. நாரோடு அறுக்க 10 பாகை. பழைய கோணத்திலேயே ஓட்டினால் பலகை முழுக்க வரி விழும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். எண்ணெய்க் கலவை என்ஜின் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எண்ணெயைக் குறைத்து மிச்சம் பிடிப்பவர் பிஸ்டனுக்குச் செலவழிப்பார்.

சேதாரம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சங்கிலி வாள் போன தடம் சுமார் 9 மி.மீ. பட்டை வாளுக்கு 2 மி.மீ. அளவே. 25 மி.மீ. பலகையாக அறுத்தால் சங்கிலி வாளில் நூற்றுக்கு 26 பங்கு தூளாகும். பட்டை வாளில் 7. அதே சங்கிலி வாளில் 75 மி.மீ. கனமாக எடுத்தால் தூள் 11 பங்காகக் குறையும். ஆகவே மரம் விழுந்த இடத்தில் கனத்த பலகைகளாக எடுத்து, ஆணி இருந்தால் பிடுங்கிவிட்டு, மெல்லிய பலகை தேவையானால் அதன் பிறகு வாள்பட்டறைக்கு அனுப்புவது இரண்டு வாளுக்கும் ஏற்றது. பொது இடத்து மரமானால் மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதலும், அறுப்புக்கு உரிமம் வேண்டுமா என்று வனத்துறையிடம் விசாரிப்பதும் முன்கூட்டியே நடக்க வேண்டும்.

ஆளின் உடம்பு

அன்றைய கீழாள் தூளைத் தின்றார். இன்று அறுப்பவர் குனிந்தபடி புகையைத் தின்கிறார். காற்று முதுகுப்பக்கம் வருமாறு நிற்பதே முதல் பாதுகாப்பு. பாரின் நுனி மரத்தில் பட்டு வாள் எகிறி முகத்துக்கு வருவதுதான் வெட்டு வேலையில் மிகப் பெரிய அபாயம். அதற்காகவே 1970-களில் சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக் வந்தது. வாள் வாங்குகிறவர் விலையைக் கேட்கும் முன் அந்தப் பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். அதிர்வு தாங்கும் கைப்பிடி இல்லாத வாளை ஆண்டுக்கணக்கில் பிடித்தால் விரல் நுனி வெளுத்து மரத்துப் போகும். சத்தம் 100 டெசிபெலுக்கு மேல். காதுக்கு மூடி வேண்டும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக வேலை செய்வோரைத்தான் நம் தெருக்களில் பார்க்கிறோம். முழுக் காற்சட்டை இந்த வெயிலுக்கு ஆகாது என்பார்கள், அது உண்மைதான். காலின் முன்பக்கத்தை மட்டும் மூடிக் கட்டும் வெட்டுத்தடுப்பு உறை கிடைக்கிறது. அது ஒரு நல்ல சங்கிலியின் விலையைவிடக் கூடுதல்தான். வேலை கொடுக்கும் வீட்டுக்காரரும் ஒப்பந்ததாரரும் கூலியோடு சேர்த்துத் தர வேண்டிய செலவு அது.

அறுத்த பலகையை வெயிலில் போட்டால் இரண்டே நாளில் முனை வெடிக்கும். முனைகளில் பெயிண்டோ உருக்கிய மெழுகோ தடவி, நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள ரீப்பர் வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர்கள் ஒன்றின் மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். விலகினால் பலகை வளையும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மதுரையின் ஆடிக் காற்றில் அதற்கு முன்பே காயும். வெளிறு உள்ள ஓரங்களை அறுத்து நீக்கிவிட வேண்டும். உளு முதலில் அங்கேதான் விழும்.